அணுக்கருக் கணக்கில் நானும் செய்த தவறுகள்

மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பென்சிலில் போட்ட ஒரு கணக்கில், 0.355 என்ற விடைக்கு முன்னால் ரப்பர் தேய்த்த தடம். அந்தப் பெண் அங்கே எதை அழித்திருப்பாள் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. கழித்தல் குறி. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கணக்கில், இதே இடத்தில், இதே குறியை அழித்தவள்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நிறை எண்ணும் அணு எண்ணும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க மறப்பது, ஆல்ஃபாவுக்கு 4 குறைப்பதற்குப் பதில் 2 குறைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் கவனக்குறைவு. ஒருமுறை சிவப்பு மையில் வட்டம் போட்டால் சரியாகிவிடும். சரியாகத்தான் செய்கிறோம் என்ற தெம்போடு செய்யும் தவறுகள் வேறு வகை. அவை வட்டம் போட்டாலும் போகாது.

ஒன்றரை அரை ஆயுட்காலம்

கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்தான் அரை ஆயுட்காலம். ஒன்று முடிந்தால் பாதி மிச்சம், இரண்டு முடிந்தால் கால் பங்கு மிச்சம். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஒன்றரை முடிந்தால்? பாதிக்கும் காலுக்கும் நடுவே, 37.5 சதவீதம் என்று கை தானாக எழுதிவிடும். சிதைவு நேர்கோட்டில் இறங்குவதில்லை. 2-ஐ ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 2.83, 1-ஐ அதால் வகுத்தால் 35.4 சதவீதம். வளைகோடு தொடக்கத்தில் செங்குத்தாகவும் போகப்போகச் சாய்வாகவும் இறங்குவதால், நடுவில் கோடு போட்டு மதிப்பிட்டால் விடை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். நான்கு விடைகளில் 37.5 கண்டிப்பாக ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, பாதியாவது எது என்பது. 10 கிராம் கோபால்ட்-60 எடுத்து வைத்தால் 5.27 ஆண்டுகள் கழித்துத் தராசில் 5 கிராம் காட்டும் என்று பாதி வகுப்பு நம்புகிறது. தராசு ஏறக்குறைய 10 கிராமையேதான் காட்டும். 5 கிராம் கோபால்ட் மிச்சம் இருக்கும். மற்ற 5 கிராம் நிக்கல்-60 ஆகி அதே இடத்தில் இருக்கும். பாதியானது கோபால்ட் அணுக்களின் எண்ணிக்கை, அதோடு சேர்ந்து செயல்பாடும், அதாவது நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்பதும். பொருள் எங்கும் ஓடிப்போகவில்லை.

நொடியா, நாளா?

அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8.02 நாள். 0.693-ஐ அதால் வகுத்து 0.0864 என்று சிதைவு மாறிலியை எழுதிவிட்டு, அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, விடைக்குப் பக்கத்தில் 'பெக்கெரல்' என்று போட்டால் அது 86,400 மடங்கு தவறு. பெக்கெரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு.

சராசரி ஆயுட்காலம்

ஓர் அணு சிதையாமல் இருக்கும் காலத்தின் சராசரி இது, அரை ஆயுட்காலத்தைப் போல 1.44 மடங்கு. அப்போது மிச்சம் இருப்பது 37 சதவீதம், பாதி அல்ல. அவ்வளவுதான்.

எலக்ட்ரானை ஏற்கெனவே எண்ணியாயிற்றா?

இனி அந்த அழித்த குறி. இந்த ஒரு தவறு மட்டும் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. செய்பவர்கள் மேல் அல்ல. இதை ஒரு மனப்பாட வரியாக மாற்றி, காரணத்தைச் சொல்லாமலே கடந்துபோகும் பழக்கத்தின் மேல்.

கணக்கு இதுதான். கார்பன்-14 பீட்டா சிதைவடைந்து, அதாவது கருவிலிருந்து ஒரு எலக்ட்ரானை வெளியேற்றி, நைட்ரஜன்-14 ஆகிறது. வெளிப்படும் ஆற்றல் எவ்வளவு? அட்டவணையில் கார்பன்-14-இன் நிறை 14.003242 அணு நிறை அலகு, நைட்ரஜன்-14-இன் நிறை 14.003074. இந்த அலகை வகுப்பில் 'யு' என்று சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஒரு யு என்பது 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அதையும் எம்.இ.வி. என்றே வைத்துக்கொள்வோம்.

நான் மாணவியாக இருந்தபோது இதை எப்படிப் போட்டேன்? சமன்பாட்டின் வலது பக்கம் நைட்ரஜனும் ஒரு எலக்ட்ரானும் இருக்கின்றன. ஆகவே இரண்டின் நிறையையும் கழித்தேன். எலக்ட்ரானின் நிறை 0.000549 யு. இடது பக்கம் வலது பக்கத்தைவிட 0.000381 யு குறைவு என்று வந்தது. அதாவது கழித்தல் 0.355 எம்.இ.வி. சிதைவில் ஆற்றல் வெளிப்படத்தானே வேண்டும், கழித்தல் குறி எப்படி வரும்? எங்கேயோ மாற்றிக் கழித்திருப்பேன் என்று நினைத்துக் குறியை அழித்தேன். விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டேன்.

அந்தக் கழித்தல் குறி என்ன சொல்லியது என்று அப்போது யோசிக்கவே இல்லை. கார்பன்-14 சிதையவே முடியாது என்று அது சொல்லியது! 5,730 ஆண்டு அரை ஆயுட்காலம் என்று அடுத்த பக்கத்திலேயே படித்திருந்தேன். கார்பனைக் கொண்டு தொல்பொருள்களின் காலத்தைக் கணிக்கும் முறைக்காக வில்லார்ட் லிப்பிக்கு 1960-இல் வேதியியல் நோபல் கிடைத்ததையும் படித்திருந்தேன். என் விடை சரியென்றால் அந்தப் பரிசுக்கே அடிப்படை இல்லை. ஆனாலும் ரப்பரை எடுத்துத் தேய்த்தேன்.

தவறு எங்கே? அட்டவணையில் இருப்பது அணுவின் நிறை, அணுக்கருவின் நிறை அல்ல. கார்பன்-14-இன் நிறையில் அதன் 6 எலக்ட்ரான்களும் அடக்கம். நைட்ரஜன்-14-இன் நிறையில் 7 எலக்ட்ரான்கள் அடக்கம். சிதைவு நடந்த அந்தக் கணத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். கரு நைட்ரஜனாகிவிட்டது, சுற்றி இருப்பவை பழைய 6 எலக்ட்ரான்கள், ஒரு புதிய எலக்ட்ரான் வெளியே பறந்துவிட்டது. கருவையும் அந்த 6-ஐயும் பறந்துபோன 1-ஐயும் கூட்டினால் என்ன வரும்? 7 எலக்ட்ரான் கொண்ட முழு நைட்ரஜன் அணுவின் நிறை. பறந்துபோன எலக்ட்ரானை அட்டவணை ஏற்கெனவே எண்ணிவிட்டது. நான் அதை இரண்டாவது முறை கழித்தேன்.

சரியான கணக்கு ஒரே வரி. 14.003242-இலிருந்து 14.003074 போனால் 0.000168 யு. பெருக்கினால் 0.156 எம்.இ.வி. இது உண்மையிலேயே அளந்து கண்ட மதிப்பு.

சரி, அப்படியானால் எலக்ட்ரானைத் தொடவே வேண்டாமா? இங்கேதான் அந்த மனப்பாட வரி வருகிறது: 'பீட்டா மைனஸில் கழிக்காதே, பீட்டா பிளஸில் இரண்டு கழி.' மைனஸ் என்றால் எலக்ட்ரான் வெளியேறும் சிதைவு, பிளஸ் என்றால் அதே நிறையும் நேர்மின்னும் கொண்ட பாசிட்ரான் வெளியேறும் சிதைவு. வரி சரிதான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர்கள் தேர்வறையில் எதில் இரண்டு, எதில் பூஜ்ஜியம் என்று தடுமாறி, நடுநிலையாக ஒன்றைக் கழித்துவிட்டு வருவார்கள். இதை நான் ஓரிரு முறை அல்ல, ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

கார்பன்-11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பாசிட்ரானை வெளியேற்றி போரான்-11 ஆகிறது. கார்பனுக்கு 6 எலக்ட்ரான், போரானுக்கு 5. சிதைவுக்குப் பின் போரான் கருவைச் சுற்றி அதே பழைய 6 எலக்ட்ரான்கள் நிற்கின்றன. போரானின் அட்டவணை நிறையில் 5-தான் அடங்கும். ஆக ஒரு எலக்ட்ரான் கணக்குக்கு வெளியே நிற்கிறது. பறந்துபோன பாசிட்ரானும் வெளியே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே நிறை. அதனால்தான் இரண்டு. நிறைகள் 11.011434, 11.009305, வித்தியாசம் 0.002129. இரண்டு எலக்ட்ரான் நிறை 0.001098. மிச்சம் 0.001031 யு, அதாவது 0.96 எம்.இ.வி. ஒன்றுமே கழிக்காதவருக்கு 1.98 வரும், ஒன்றைக் கழித்தவருக்கு 1.47 வரும். மூன்று எண்களும் நம்பும்படியாகவே இருப்பதுதான் தொல்லை. கார்பன்-14-இல் கழித்தல் குறியாவது வந்து எச்சரித்தது. இங்கே அந்த உதவியும் கிடையாது.

இந்த இரண்டு எலக்ட்ரான் நிறை, அதாவது 1.022 எம்.இ.வி., வெறும் திருத்தம் அல்ல. அது ஒரு வாசற்படி. பெரிலியம்-7-இன் நிறை 7.016929, லித்தியம்-7-இன் நிறை 7.016003. வித்தியாசம் 0.86 எம்.இ.வி.தான். படியைத் தாண்ட ஆற்றல் போதாது. ஆகவே பெரிலியம்-7 பாசிட்ரானை வெளியேற்றவே முடியாது. ஆனால் அது சிதைகிறது, 53 நாள் அரை ஆயுட்காலத்தோடு. எப்படி? தன் சொந்த எலக்ட்ரான் ஒன்றையே கருவுக்குள் இழுத்துக்கொண்டு. எலக்ட்ரான் கவர்தலில் 4 எலக்ட்ரான் 3 ஆகிவிடுகிறது, லித்தியத்துக்கும் வேண்டியது 3-தான். கணக்கு அதுவாகவே நேராகிவிடுகிறது, எதையும் கழிக்க வேண்டியதில்லை. எலக்ட்ரான்களை எல்லாம் உரித்துவிட்டுத் தனியே விட்ட பெரிலியம்-7 கருவுக்குச் சிதைய வழியே இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்போ எலக்ட்ரான் இல்லன்னா அது சாகவே சாகாதா டீச்சர்?" என்றான். ஆமாம், சாகாது. மனப்பாட வரியிலிருந்து இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

ஆல்ஃபா சிதைவில் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. யுரேனியம்-238 தோரியம்-234 ஆகும்போது 92 எலக்ட்ரான் என்பது 90-உம் 2-உமாகப் பிரிகிறது. ஹீலியம் அணுவின் நிறையான 4.002603-ஐப் போட்டால் எல்லாம் அடிபட்டு 4.27 எம்.இ.வி. வரும். ஆல்ஃபா துகள்தானே என்று எலக்ட்ரான் இல்லாத கருவின் நிறையான 4.001506-ஐப் போட்டால் 5.29 வரும். ஒரு கணக்கில் அணு நிறை என்று தொடங்கினால் கடைசி வரை அணு நிறைதான். ஒரு காலை இங்கேயும் மறு காலை அங்கேயும் வைக்கக் கூடாது.

கருவைத் தனித்தனிப் புரோட்டான், நியூட்ரான்களாகப் பிரிக்கத் தேவையான பிணைப்பாற்றலிலும் இதே கலப்படம் நடக்கிறது. இரும்பு-56-க்கு 26 புரோட்டான், 30 நியூட்ரான். அணு நிறையான 55.934936-ஐக் கழிப்பதென்றால் புரோட்டானுக்குப் பதில் ஹைட்ரஜன் அணுவின் நிறையான 1.007825-ஐப் போட வேண்டும். அப்போது 492 எம்.இ.வி., ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டானோ நியூட்ரானோ) 8.79. தனிப் புரோட்டானின் 1.007276-ஐப் போட்டால் 26 எலக்ட்ரான்களின் நிறை, அதாவது 13 எம்.இ.வி.க்கு மேல், காணாமல் போகும். கரு கனமாக ஆக ஆக ஓட்டையும் பெரிதாகும். பிஸ்மத்-209-இல் 42 எம்.இ.வி.

இப்போது நான் செய்வது இது. நிறைகளை எழுதும் முன், ஒவ்வொரு குறியீட்டுக்கும் கீழே அதன் அட்டவணை நிறைக்குள் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று சிறியதாகப் பென்சிலில் எழுதச் சொல்கிறேன். கார்பனுக்குக் கீழே 6, நைட்ரஜனுக்குக் கீழே 7. இரண்டு பக்கமும் இருக்க வேண்டியவற்றோடு ஒப்பிட அரை நிமிடம் ஆகும். 0.355 எழுதிய அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைத்தான் செய்யச் சொன்னேன். 6, 7 என்று எழுதியதும் கையை நிறுத்திவிட்டு, "நான் அழிச்சது தெரிஞ்சுடுச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

முழுங்கி எழுதும் தசமங்கள்

ஹீலியம்-4-க்கு எல்லா நிறையையும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் பிணைப்பாற்றல் 37 எம்.இ.வி. உண்மை மதிப்பு 28.3. மூன்றாவது தசமத்துக்கு அப்பாலும் எழுதினால்தான் விடை சரியாக வரும்.

பீட்டா முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வதில்லை

மேலே வந்த 0.156 எம்.இ.வி. கார்பன்-14-இலிருந்து வரும் பீட்டாவின் அதிகபட்ச ஆற்றல். ஒவ்வொரு எலக்ட்ரானும் அதையே கொண்டுவரும் என்று எழுதினால் தவறு. பெரும்பாலானவை அதைவிடக் குறைவாகவே கொண்டுவருகின்றன. 1914-இல் சாட்விக் பீட்டாவின் ஆற்றல் தொடர்ச்சியாகப் பரவிக் கிடப்பதைக் காட்டினார். மிச்சம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு 1930-இல் பாவுலி ஒரு கண்ணுக்குத் தெரியாத துகளைப் பதிலாகச் சொன்னார். அதை ஆய்வில் பிடிக்க 1956 வரை, ரைன்ஸும் கோவனும் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை பாடுபட்டு வந்த எதிர் நியூட்ரினோவைத்தான் சமன்பாட்டின் கடைசியில் எழுதாமல் விடுகிறோம்.

ஆல்ஃபாவில் நியூட்ரினோ இல்லை. ஆனாலும் கரு பின்னால் உதைபடும். ரேடியம்-226 வெளியிடும் 4.87 எம்.இ.வி.யில் ஆல்ஃபாவுக்கு 4.78. மொத்தத்தை 222-ஆல் பெருக்கி 226-ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

காமா யாருடையது?

கோபால்ட்-60 புகழ்பெற்ற இரண்டு காமா கதிர்களைத் தருகிறது, 1.17-உம் 1.33-உம் எம்.இ.வி. அவற்றை வெளியிடுவது கோபால்ட் அல்ல, நிக்கல். கோபால்ட் பீட்டாவை விட்டுக் கிளர்ந்த நிக்கலாகிறது. அந்த நிக்கல் கரு இரண்டு படிகளில் அடிநிலைக்கு இறங்குகிறது. மட்ட வரைபடத்தில் காமா அம்புகளைக் கோபால்ட் பக்கம் வரைந்தால் மதிப்பெண் போகும்.

பிணைப்பாற்றல் சேமித்து வைத்த ஆற்றல் அல்ல

பெயரைப் பார்த்து ஏமாறுகிறோம். பிணைப்பாற்றல் என்பது கரு ஏற்கெனவே செலவழித்துவிட்ட தொகை. அதைப் பிரிக்க வேண்டுமானால் அவ்வளவையும் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே பிணைப்பாற்றல் கூடும்போதுதான் ஆற்றல் வெளியே வரும். யுரேனியத்தில் ஒரு நியூக்ளியானுக்கு 7.6 எம்.இ.வி., பிளந்து வரும் நடுத்தரக் கருக்களில் 8.5 வாக்கில். வித்தியாசம் 0.9, அதை 235 நியூக்ளியானால் பெருக்கினால் ஒரு பிளவுக்கு ஏறக்குறைய 200 எம்.இ.வி. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்தால் 17.6-தான். 'இணைவில் ஆற்றல் அதிகம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். நியூக்ளியானுக்கு என்று சேர்த்தால்தான் அது உண்மை.

தணிப்பானும் கட்டுப்படுத்தும் தண்டும்

தணிப்பானான கனநீர் நியூட்ரானை மெதுவாக்கும், கட்டுப்படுத்தும் தண்டிலுள்ள காட்மியம் நியூட்ரானை விழுங்கும். மாற்றி எழுதினால் உங்கள் உலை ஓடாது.

ஃபோட்டான் சில்லறை கொடுக்காது

அணுவின் ஆற்றல் மட்டங்களுக்கு வந்தால், எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹைட்ரஜனின் மட்டங்கள் −13.6, −3.40, −1.51, −0.85 எலக்ட்ரான் வோல்ட். அடிநிலையில் இருக்கும் ஹைட்ரஜன் மீது 12.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், விழுந்தால் என்ன ஆகும்? அதே ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்கள் மோதினால் என்ன ஆகும்? இரண்டுக்கும் ஒரே விடை எழுதுகிறவர்கள் ஏராளம்.

மூன்றாம் மட்டத்துக்கு ஏற 12.09 தேவை, நான்காவதுக்கு 12.75. ஃபோட்டான் தன்னை முழுசாகக் கொடுக்கும் அல்லது கொடுக்கவே கொடுக்காது. 12.5-க்குப் பொருந்தும் படி இல்லாததால் அது அப்படியே கடந்துபோகும். மோதும் எலக்ட்ரானோ 12.09-ஐக் கொடுத்துவிட்டு மீதி 0.41-ஐத் தன்னிடம் வைத்துக்கொண்டு போகலாம். ஃப்ராங்கும் ஹெர்ட்ஸும் 1914-இல் பாதரச ஆவியில் பார்த்தது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான். 4.9 எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவுக்கு வந்ததும் எலக்ட்ரான்கள் தங்கள் ஆற்றலை அணுக்களிடம் இழந்தன.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்த கேள்வியில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். 14 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் விழுந்தால்? 'பொருந்தும் மட்டம் இல்லை, உட்கவராது' என்று எழுதுவார்கள். 13.6-க்கு மேல் படிகளே இல்லை, எல்லாம் சமதளம். எலக்ட்ரான் அணுவைவிட்டு வெளியேறும், கையில் 0.4 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு.

ஆறு கோடுகள், ஒரே அணு

நான்காம் மட்டத்துக்குக் கிளர்ந்த ஹைட்ரஜன் வாயு 6 நிறமாலைக் கோடுகளைத் தரும். கேள்வியில் 'ஒரு ஹைட்ரஜன் அணு' என்று இருந்தால் அது அதிகபட்சம் 3 ஃபோட்டான்களைத்தான் வெளியிடும், நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று ஒவ்வொரு படியாக இறங்கினால். 'ஒரு' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.